முன்னால் சாய்ந்த முட்கள்

மார்ச் 3

அநியாயம் நடந்துவிட்டது. நான் பஞ்சடைத்துப் பாடம் செய்த முள்ளம்பன்றியைப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் கூடத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? உடைந்த நாற்காலிகளோடு கிடங்கில் கிடக்கிறது. மாதக் கடைசியில் அப்புறப்படுத்தப் போகிறார்களாம்.

குற்றம்: முட்கள் முன்பக்கம் சாய்ந்திருக்கின்றன. பின்பக்கம் சாய வேண்டுமாம். கோபம் வந்தவன் முதுகையா காட்டுவான்?

மார்ச் 4

தங்கையிடம் புலம்பினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "எனக்கும் ரொம்ப நாளா தோணும்க்கா. அதுக்குப் பின்னாடி யாரோ ஃபேன் போட்டு விட்ட மாதிரியே இருக்கும்" என்றாள்.

சாப்பாடு வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். பிறகு பசித்தது.

மார்ச் 7

அருங்காட்சியகத்தின் புதிய காப்பாட்சியரைப் பார்த்தேன். சின்னப் பெண். மரியாதையாகப் பேசுகிறாள், அதுதான் இன்னும் எரிச்சல்.

"அது எதிரிய பின்பக்கமா ஓடித்தான்மா குத்தும். முள்ளு அதுக்காகத்தான் பின்னாடி பாக்குது."

"நேர்ல பாத்திருக்கியா?"

"வீடியோல பாத்திருக்கேன்மா."

"அது பயந்தாங்கொள்ளி. என்னோடது தைரியசாலி."

சிரித்துவிட்டாள். எனக்கு இந்த வேலையை யாரும் கற்றுத்தரவில்லை. எலியில் ஆரம்பித்தேன். முதல் எலி உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. அதை ஒருவரும் குறை சொல்லவில்லையே!

மார்ச் 8

உண்மையிலேயே பின்பக்கமாகவா ஓடும்?

மார்ச் 11

தங்கையின் போனில் பார்த்தேன். ஓடுகிறது. கொஞ்சம்கூட வெட்கமில்லை அதற்கு.

மார்ச் 15

காப்பாட்சியர் போன் செய்தாள். பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்களாம். கிடங்குக் கதவு திறந்து கிடக்க, என் முள்ளம்பன்றியைப் பார்த்துவிட்டார்கள். "நகரவே மாட்டேங்குறாங்கம்மா. முள்ளு எந்தப் பக்கம்னு ஒரே சண்டை. கூடத்துல நிக்கிற புலிய ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

அதனால் திரும்பக் கூடத்தில் வைக்கலாமாம். பக்கத்தில் ஒரு பலகை: 'இதில் என்ன தப்பு?'

"நீங்க சரின்னு சொன்னாத்தான் வைப்பேன். இல்லன்னா கழிச்சுடுவாங்க, என்னால தடுக்க முடியாது."

தப்பா? என் முள்ளம்பன்றிக்குப் பக்கத்திலா? போனை வைத்துவிட்டேன்.

"விடுக்கா," என்றாள் தங்கை. "குப்பைக்குப் போனாலும் மானத்தோட போகட்டும்."

இவளைக் கூடவே வைத்திருக்கிறேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 19

சரி. கூடத்திலேயே வைக்கட்டும், ஆனால் என் நிபந்தனைப்படிதான்.

காப்பாட்சியர்: 'தப்பு' என்ற சொல்லை எடுத்தாக வேண்டும். 'இந்த முள்ளம்பன்றி எந்தப் பக்கம் ஓடும்?' என்று எழுதினால் போதும். முட்களை ஒருவரும் பிடுங்கித் திருப்பிக் குத்தி வைக்கக் கூடாது.

அருங்காட்சியகத் தச்சர்: குட்டைப் பிள்ளைகள் ஏறி நின்று பார்க்க ஒரு படி.

தங்கை: சனிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு என்னோடு வர வேண்டும். ஃபேன் கதையை அங்கே எடுக்கக் கூடாது.

நான்: முட்களுக்குத் தூசி தட்ட வேண்டும். பிள்ளைகள் கேட்டால் ஓடிக் காட்ட வேண்டும்.

முழங்கால்: அதுவரை ஒத்துழைக்க வேண்டும். இன்று பின்பக்கமாக அலமாரி வரை போய்விட்டேன்.