இரண்டாவது ராத்திரிக்கான பாட்டரி

இன்று காலை பால் வாங்கக் கீழே இறங்கினேன். புங்க மரத்தடியில் நிற்கும் உன் வேனைத் தாண்டும்போது சட்டைப் பையில் போன் துடித்தது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துப் பார்த்தால், வேனுக்குள் இருக்கும் பாட்டரி. பக்கத்தில் போனால் தானாகவே போனோடு பேசிக்கொள்ளும் வகை அது. நான்தான் தேடி வாங்கி மாட்டினேன். நூறு சதவீதம் என்று காட்டியது. சூடு சரி, வோல்டேஜ் சரி, எல்லாம் சரி என்று பச்சையில் ஒரு டிக் வேறு. கூரைமேல் சோலார் தகடு இருப்பதால் யாரும் தொடாமலேயே நிரம்பிக்கொள்கிறது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மேற்கு மாம்பலத்துச் சந்து ஒன்றில், யாருக்கும் வேண்டாத கரண்டை வயிறு முட்ட வைத்துக்கொண்டு அது நிற்கிறது. பால் பாக்கெட்டோடு நானும் கொஞ்ச நேரம் நின்றேன். உனக்குக் கடிதம் எழுதுகிற பழக்கமே எனக்குக் கிடையாது. எதிர்வீட்டுக்காரனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? மாடியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதுமாயிருந்தது.

முப்பது வருஷம் நீ மைக் செட் வாடகைக்கு விட்டாய், நான் இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்த்தேன். தி.நகர் கல்யாண மண்டபங்களில் கரண்ட் போனால் என்னைக் கூப்பிடுவார்கள், காது போனால் உன்னைத் திட்டுவார்கள். மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில்தான் உனக்கு எப்போதும் இடம். பந்தியில் உட்கார்ந்து நீ சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. இலையைச் சுருட்டி யாராவது அங்கேயே கொண்டுவந்து தருவார்கள். அந்தப் புகையால்தான் உன் நுரையீரல் நார் நாராக இறுகிப் போனதா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதற்கு மருந்து உண்டா என்று கேட்டதற்கும் கிட்டத்தட்ட அதே பதில்தான் வந்தது.

ஸ்பீக்கர் பெட்டிகளை விற்றாய், அவற்றை ஏற்றிப் போன பழைய ஸ்கூல் வேனை மட்டும் விற்க மாட்டேன் என்று அடம் பிடித்தாய். கஸ்தூரி திட்டினாள். உன் மனைவி திட்டினால் நீ சிரிப்பாய், அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும். பிறகு ஒருநாள் விஷயத்தை உடைத்தாய். கஸ்தூரியின் சித்தப்பாவுக்கு மரக்காணம் பக்கம் கடலோரமாக ஒரு சவுக்குத் தோப்பு. கரண்ட் கம்பம் அங்கே வரவே இல்லை.

“அங்க ரெண்டு ராத்திரி படுக்கணும் மச்சி.”

“ஏன், ஒரு ராத்திரி பத்தாதா?”

“மொத ராத்திரி காதுல ஜெனரேட்டர் ஓடிக்கினே கீதுடா. கல்யாணம் முடிஞ்சி வூட்டுக்கு வந்து படுத்தாலும் ஓடும். ரெண்டாவது ராத்திரிதான் அடங்கும். எனக்குத் தெரியும்.”

முப்பது வருஷத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் நீ சும்மா இருந்ததே இல்லை. பிறகு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அதற்குள் உனக்கு ஆக்சிஜன் மெஷின் வந்துவிட்டிருந்தது. அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். ராத்திரி பகல் கரண்ட் வேண்டும். குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் உன் ஊர்: கட்டில், பாத்ரூம், தெருவைப் பார்த்த ஜன்னல். வேனில் ஏற்கெனவே இரண்டு இன்வெர்ட்டர் பாட்டரி வைத்திருந்தோம், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுகிற பழைய ரகம். அதில் மெஷினைப் போட்டுப் பார்த்தேன். ஐந்து மணி நேரம் ஓடியது. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பழசை இறக்கிவிட்டு லித்தியம் ஏற்றினேன். பழைய ரகத்தில் பாதிக்கு மேல் எடுத்தால் பாட்டரி கெட்டுப்போகும். லித்தியத்தில் அடி வரைக்கும் வழித்தெடுக்கலாம். கூரையில் தகடுகளையும் பதித்தேன். உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நியூஸ்பேப்பர் விளிம்பில் கணக்குப் போட்டுக் காட்டினேன்: பாட்டரியில் இத்தனை மணி, வெயிலில் இத்தனை மணி, இரண்டு ராத்திரி போக ஒரு வேளை மிச்சம். நீ அந்த விளிம்பைக் கிழித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாய். அந்த வாரமே டாக்டர், இந்த மெஷின் இனி போதாது, பெரியது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பெரியது கரண்டை இரண்டு மடங்கு குடிக்கும். என் இரண்டு ராத்திரி ஒரே மத்தியானத்தில் ஒரு ராத்திரியாகிவிட்டது.

அதே மாதிரி இன்னொரு லித்தியம் பாட்டரி ஏற்றினேன். எனக்கு வேறு என்ன தெரியும்? உன் நுரையீரலுக்கு நான் எதுவும் செய்ய முடியாது. பாட்டரியைக் கூட்டுவது ஒன்றுதான் என் கையில் இருந்தது. நான் ஏற்ற ஏற்ற நீ இறங்கிக்கொண்டே இருந்தாய். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பெரிய மெஷின் போடும் சத்தத்தில்தான் வந்தது வினை. “ஜெனரேட்டரை வுட்டு ஓடப் போறோம்னு பாத்தா, குட்டி ஜெனரேட்டரு கூடவே வருதே” என்றாய். ஜெனரேட்டருக்குக் கட்டுவது போல அதற்கும் ஒரு கூடு கட்டலாம் என்றாய். பலகை, உள்ளே கார்ப்பெட், அதற்குமேல் பஞ்சு. சத்தத்தை அடக்குவதில் உன்னை விட்டால் ஆள் கிடையாது. நான் என் பங்குக்கு, வயர் நீளம் குறைந்தால் கரண்ட் வீணாகாது என்று பாட்டரிகளையும் இன்வெர்ட்டரையும் அதே கூட்டுக்குள் வைத்தேன். அவரவர் தொழிலில் நாம் இருவருமே புலிகள். கிண்டி எஸ்டேட்டில் பலகை வேலை செய்து கொடுத்த ஜாபர் பாய் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

“இன்னா சார், எல்லாத்தையும் ஒரே டப்பால போட்டு மூடிட்டீங்க? இதுக்கு ஹவா, காத்து வேணாமா?”

“ரெண்டு ஓட்டை கீதே பாய், போதும். பாட்டரி விஷயத்த என்னாண்ட வுட்டுடுங்க” என்றேன்.

பாய் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். கஸ்தூரி கிளம்புகிற அன்று வரை பயந்துகொண்டே இருந்தாள். கடைசியில் என்னைப் பார்த்து, “நீங்க கூட இருக்கீங்கல்ல அண்ணே, அது போதும்” என்று சொல்லித் தலையணைகளை ஏற்றினாள்.

பங்குனியில் போனோம். வேனைச் சவுக்கு நிழலில் நிறுத்தினேன். ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது என்று கஸ்தூரி அடுப்பைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்து வஞ்சிர மீன் குழம்பு வைத்தாள். நீ நாலு வாய்தான் சாப்பிட்டாய், ஆனால் நாலு வாய்க்கும் ருசி சொன்னாய். முதல் ராத்திரி கூட்டுக்குள் மெஷின் முனகிக்கொண்டே ஓடியது, ஒரு தடங்கலும் இல்லை. காலையில் கதவருகே உன்னை உட்கார வைத்துக் காபி கொடுத்தேன்.

“காதுல ஓடுதாடா இன்னும்?”

“ஓடுது. ஆனா தூரத்துல ஓடுது. பக்கத்துத் தெரு கல்யாணம் மாதிரி.”

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். போனில் பாட்டரியைப் பார்த்தேன், பாதிக்கு மேல் இருந்தது. வெயில் ஏறினால் இன்னும் ஏறும். அந்த வெயில் எனக்குக் கரண்டாக மட்டும்தான் கண்ணில் பட்டது.

மத்தியானம் நிழல் நகர்ந்து வேனின் பக்கவாட்டில் வெயில் அறைந்தது. நான் வெளியே மரத்தடியில் படுத்திருந்தேன். கஸ்தூரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து உன் குரல் மட்டும் வந்தது.

“மச்சி... நின்னுடுச்சி. கேளேன். எவ்ளோ அமைதியா கீது.”

ஓடி வந்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். கண்ணை மூடித் தலையைக் கடல் பக்கம் சாய்த்திருந்தாய். மெஷின் செத்துக் கிடந்தது. கூட்டைத் திறந்தால் அடுப்பைத் திறந்தது போல் அனல் முகத்தில் அடித்தது. பாட்டரியில் அறுபது சதவீதம் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. தீர்ந்து போயிருந்தால் தீர்ந்தது என்று ஆகும். லித்தியத்துக்குள் காவலுக்கு ஒரு போர்டு உண்டு. உள்ளே சூடு எல்லை தாண்டினால் அது கரண்டைப் பூட்டிவிடும். ஆறும் வரை யார் தட்டினாலும் திறக்காது. அந்தப் போர்டைத் தாண்டி நேராக வயர் கொடுக்க எனக்குத் தெரியும். பாட்டரி பற்றிக்கொண்டால், பக்கத்தில் ஆக்சிஜன், நடுவில் நீ. கையில் வயரோடு நின்றேன், கொடுக்கவில்லை. முப்பது வருஷம் அடுத்தவன் வீட்டு இருட்டை விரட்டினவன், சமையல் தட்டால் பாட்டரிக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

கஸ்தூரி அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரை மாட்டினாள். உன் உதட்டில் ஏறியிருந்த நீலம் மெல்ல இறங்கியது. சிலிண்டர் நாலு மணி நேரம் வரும். அரை மணி விசிறியும் பாட்டரி ஆறவில்லை. சென்னைக்கு மூன்று மணி நேரம். அதற்கு மேல் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. வேனை எடுத்தேன்.

ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, கூட்டின் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டினேன். மாமல்லபுரம் நெருங்கும்போது பாட்டரிக்கு உயிர் வந்தது. பின்னால் மெஷின் உறுமிக் கிளம்பியது. வேனை ஓரம் கட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக ஓடியது. கஸ்தூரி சிலிண்டரை மூடி, குழாயை மெஷினுக்கு மாற்றினாள். அப்போது நீ கேட்டாய்.

“மச்சி, திருப்பிடலாமா? இன்னும் ஒரு ராத்திரி கீதே.”

எதிரே நூறடியில் சாலை நடுவே திரும்புவதற்கு இடைவெளி இருந்தது. மூடி இல்லாமல் ஓட்டினால், இரவுக் குளிரில், பாட்டரி காலை வரை தாங்கும். அது எனக்குத் தெரியும், கணக்கு மனதில் ஓடியது. பயமும் ஓடியது. கஸ்தூரியின் முன்னால் என் தொழில் என்னைக் கைவிட்ட அவமானமும் இருந்தது, அதை மறைப்பானேன்.

“வேணாண்டா. எல்லாத்தையும் சரி பண்ணிட்டு அடுத்த மாசம் வரலாம்.”

“அண்ணன் சொல்றத கேளுய்யா” என்றாள் கஸ்தூரி.

நீ “சரி” என்றாய். அவ்வளவுதான். என்னோடு எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறவன், அன்றைக்கு ஒரு வார்த்தை கூடச் சேர்த்துச் சொல்லவில்லை. கொட்டிவாக்கம் சிக்னலில் நிற்கும்போது ஏதோ ஒரு மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடியது. “இதுக்கு ஆயில் மாத்தணும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய்.

பத்தே நாளில் எல்லாவற்றையும் பிரித்து மாற்றினேன். பாட்டரிக்குத் தனி இடம், மெஷினுக்குத் தனி இடம், சூட்டை வெளியே தள்ள இரண்டு ஃபேன். ஜாபர் பாயிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன். பாவம், அவர் அதை மறந்தே போயிருந்தார். இப்போது அந்த வேன் எந்தக் கத்திரி வெயிலிலும் இரண்டு ராத்திரி தாங்கும். வந்து சொல்லலாம் என்று உன் வீட்டுக்கு வந்தபோது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். அங்கே ஆக்சிஜன் சுவரிலிருந்தே வந்தது. என் தொழிலுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து உன் கால் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஃபேன் மாட்டின கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நீ முகமூடியை ஒரு விரலால் தூக்கினாய்.

“அன்னிக்கி நின்னுச்சே... அப்போ அலை மட்டும் கேட்டுச்சி மச்சி. வேற ஒண்ணியும் இல்ல.”

என் தப்பை நான் சுமக்கக்கூடாது என்று சொன்னாயா, நிஜமாகவே கேட்டதா, தெரியவில்லை. உன்னை எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் இரண்டும் இருக்கலாம் என்று படுகிறது. கேட்டுத் தெளிவு பண்ணிக்கொள்ள நர்ஸ் விடவில்லை. அதற்கடுத்த வாரம் நீ இல்லை.

கஸ்தூரி சாவியை என்னிடமே கொடுத்துவிட்டாள். “அண்ணியக் கூட்டிக்கினு ஒரு தபா போய்ட்டு வாங்கண்ணே” என்கிறாள். கூட்டை மூடியதற்காக என்னைத் திட்டலாம், அவள் திட்ட மாட்டேன் என்கிறாள். நான் மூடியது ஒரு தப்பு, அதற்கு ஜாபர் பாயிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, ஃபேன் மாட்டியாயிற்று. இன்னொன்றுக்கு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. புதுச்சேரிப் பக்கம் சர்வீஸுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் மாமல்லபுரத்துக்கு முன்னால் அந்த இடைவெளி வருகிறது. வேகத்தைக் குறைக்கிறேன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான். அன்றைக்கு அங்கே வேனைத் திருப்பியிருந்தால் நீ பிழைத்திருக்க மாட்டாய், அந்த அளவுக்கு நான் முட்டாளில்லை. அதே ஆஸ்பத்திரிதான், அதே சுவர்தான். ஆனால் உனக்கு இரண்டாவது ராத்திரி கிடைத்திருக்கும். கரண்ட் இருந்தது, மெஷின் ஓடியது, நீ வாய்விட்டுக் கேட்டாய். நான்தான் வேண்டாம் என்றேன்.