காதுக்குள் பித்தளை அண்டா

அன்புள்ள கமலவேணிக்கு,

மலாக்கா காஜா பேராங்கிலிருந்து பொன்னுதுரை. நான் சுகம். நீயும் உன் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள்?

மெர்டேக்கா, அதுதான் இங்கத்திச் சுதந்திர தினம், அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு வெடி என் காதருகே வெடித்துவிட்டது. பயப்படாதே, காது இருந்த இடத்தில்தான் இருக்கிறது. உள்ளே மட்டும் ஓயாத ரீங்காரம். தூக்க மாத்திரை இதைக் குறைக்குமா என்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

"தூங்குறதுக்கு முன்னால ஒண்ணு போடுங்க" என்றார் டாக்டர். சமையல்காரன் மத்தியானமும் தூங்குவான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு அப்போதும் ஒன்று போட்டேன். முதலாளி அன்று இரவு வெறும் தயிர்சோறு சாப்பிட்டார்.

"சத்தம் எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"என் வீட்டுக்காரி கோவத்துல பித்தளை அண்டாவைத் தரையில வச்சா ஒரு ரீங்காரம் வருமே, அதேதாங்க."

மாத்திரை போட்டால் அடித்துப்போட்டது போல் தூங்குகிறேன். ஆனால் சத்தத்தோடு படுத்தால், அடுப்படியில் நீ முணுமுணுத்துக்கொண்டு ஏனம் கழுவுவது போல இருக்கும். மாத்திரை போட்ட நாளெல்லாம் நீ இல்லை. மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"ஏன், ஒத்துக்கலையா?"

"எனக்கு ஒத்துக்குது டாக்டர். வீட்டுக்காரிக்குத்தான் ஒத்துக்கலை."

சுண்டைக்காய் வற்றல் அனுப்பு. காதைச் சுற்றிக் கட்ட உன் பழைய சேலையில் ஒரு துண்டும் வை. துவைக்க வேண்டாம், அப்படியே வை. முதலாளி காப்பிக்குக் கத்துகிறார், நல்ல காதில் கேட்கிறது. அந்த அண்டாவை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. இரண்டும் ஒரே சத்தம்தானா என்று நான் வந்து கேட்டுப் பார்க்க வேண்டும்.

உன்,
பொன்னுதுரை