மழைப் படத்துக்கு ஒரு சுவர்

என் ராசா அண்ணே, அங்கேயும் பூ வேன் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறாயா?

இங்கே பெரிய செய்தி. மதினி சாணார்பட்டியை விட்டு வந்துவிட்டார். நீ போனதிலிருந்து அந்த வீட்டில் ஒற்றை ஆளாகக் கிடந்த மனுஷி. "நாகல் நகருக்கு வந்து எங்கூட இரும்மா" என்று உன் மகள் சுகந்தி தொண்டை வற்றக் கூப்பிட்டும் அசையவில்லை. போன மாதம் காய்ச்சலில் விழுந்து கிடந்தாரே, பக்கத்து வீட்டில் எட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்குப் பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார். அதிலும் ஒரு பிடிவாதம். நீ வரைந்த மழைப் படத்துக்குச் சுகந்தி வீட்டுக் கூடத்தில் இடம் இருந்தால் வருவாராம். இல்லாவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாமாம்.

சிறுமலையில் இறங்கிய மழை நம் மல்லித் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முந்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து வரைந்தாயே, அந்தப் படம்தான்.

சுகந்தியின் போனில் ஒரு வித்தை இருக்கிறது அண்ணே. படத்தை போட்டோ எடுத்து, நீள அகலத்தைப் போட்டு, கேமராவைச் சுவர்ப் பக்கம் காட்டினால் போதும். ஆணி அடிக்காமலே படம் மாட்டியது போலப் போனுக்குள் தெரிகிறது. நாம் நகர்ந்து போய்ப் பார்த்தாலும் அது சுவரிலேயே நிற்கிறது. நீ இருந்திருந்தால் அந்தப் போனை எங்கள் கையில் கொடுத்திருப்பாயா என்ன?

போட்டோ சுகந்தியிடம் இருந்தது. அளவை மதினி ஊரிலிருந்து சொன்னார்: "மூணு முழம் நீளம், ரெண்டு முழம் அகலம்." முழத்துக்கு ஒன்றரை அடி என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதினி வீட்டைப் பார்க்க வந்தார். நானும் இருந்தேன். சுகந்தி போனைத் தூக்கிக் காட்டினாள். அடி ஆத்தீ! படம் ஒரு பக்கம் பாதி ஜன்னலை மறைத்தது, மறுபக்கம் சுவிட்ச் போர்டை விழுங்கியது. உன் மழை ஃபேன் ரெகுலேட்டர் மேலே பெய்துகொண்டிருந்தது. மற்ற சுவர்களில் கதவும் பீரோவும்.

மதினி சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது. கட்டைப் பையை எடுத்துக்கொண்டார்.

"அவரு படத்துக்கே எடமில்லாத வீட்டுல எனக்கென்னடி வேலை? நான் போறேன்."

சுகந்தி அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"செத்த நேரம் உக்காருங்க மதினி. உங்க கட்டிலுக்கு மேல தொங்குற படம் இம்புட்டுப் பெருசாவா இருக்கு? எதை வச்சு அளந்தீங்க?"

"எதை வச்சு அளப்பாங்க? கையாலதான்." சொல்லிக்கொண்டே காற்றில் அளந்தும் காட்டினார். முழங்கையை மடக்கி, விரல் நுனிவரை போகாமல் மணிக்கட்டோடு ஒரு சுருட்டு.

பூக்கார முழம்! காலமெல்லாம் மல்லி அளந்து விற்ற கையில்லையா?

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உன் முழத்துல சேலை எடுத்தா பொம்மைக்குத்தான் கட்டலாம்" என்று நீ எத்தனை தரம் கேலி பண்ணியிருப்பாய்! சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்பை எடுத்து அம்மா கையின் மேல் வைத்து அளந்தாள். ஒன்றரை அடி எங்கே, ஒரு அடிக்கே திண்டாடியது.

"யாவாரக் கை. பழகிப்போச்சு, போங்கடி" என்று மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அளவை மாற்றியதும் படம் சுருங்கி, ஜன்னலுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நடுவில் அடக்கமாக உட்கார்ந்தது. மதினி மெல்லப் போய்ச் சுவரில் கையை வைத்தார். சுகந்தி பக்கத்தில் போய் நின்று போனைப் பிடிக்க, திரும்பி அதைப் பார்த்தார். போனுக்குள் அவர் கையைக் காணோம், படம் மறைத்திருந்தது.

"அடியே, என் கை எங்கடி?"

"மழைக்குள்ள இருக்கும்மா."

கையை எடுக்க மனசில்லாமல் அப்படியே நின்றார். அப்புறம் பையைக் கீழே வைத்தார்.

இப்போது படம் நிஜமாகவே அங்கே மாட்டியிருக்கிறது. அதன் கீழே உன் போட்டோ. நேற்று வெள்ளிக்கிழமை, மதினி மல்லி கட்டி முடித்து, வழக்கம்போல் முழங்கையை மடக்கியவர் சட்டென்று நிறுத்தினார்.

"ஜோதி, இங்கிட்டு வா. கையை நீட்டு."

"எதுக்கு மதினி?"

"உங்க அண்ணன் கையும் இம்புட்டு நீளந்தான். அவருக்குப் போடுறத என் கையால அளக்க மாட்டேன்."

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை பூச்சரத்தை வைத்து நிதானமாக அளந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "கையை ஆட்டாத" என்று அதட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வெள்ளி தவறாமல் வந்து கையை நீட்டுவேன் அண்ணே. உனக்குப் பூ குறையாது. மதினியை இனித் தனியாக விடவும் மாட்டோம்.

உன் கையையே வாங்கிப் பிறந்த தங்கச்சி,
ஜோதி