வெள்ளைப் பூவின் விதை

அன்பின் தம்பிக்கு,

போன மாதம் அனுப்பிய கடிதத்தை இன்னும் பிரிக்காவிட்டால், தயவுசெய்து பிரிக்காதே. அப்படியே அடுப்பில் போடு. போன் அடித்தால் நீ எடுக்கிறாய் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கடிதத்துக்குள் பூ விதை வைத்திருந்தேன். அம்மாவின் வீட்டு வளவு மண்ணைப் போட்டுச் சோளன் நட்ட சாடியில் தானாக முளைத்த வெள்ளைப் பூ. சோளன் பட்டுப்போனால் அதுவும் வாடுகிறது என்று, பூவுக்காகவே திரும்பத் திரும்பச் சோளன் நட்டேன். அம்மாவின் மண்ணில் பூத்தது உன்னிடமும் பூக்கட்டும், சோளன் அடியில் தூவு என்றும் எழுதிவிட்டேன்.

நேற்றுப் பக்கத்து வளவுக்கு வந்த விவசாயப் போதனாசிரியர் அதைக் கண்டு திடுக்கிட்டார். "என்னக்கா வளர்க்கிறீங்கள்? இது சோளன்ர வேரை உறிஞ்சிற பூண்டு. விதை தூள் மாதிரி. காணிக்குள்ள விழுந்தா பத்து வருசத்துக்கும் அழிக்க ஏலாது."

கிளிவெட்டியில் உனக்கு இருப்பதே அந்தச் சோளன் காணிதான்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உனக்குச் சொல்லாமல் விட்டது பற்றி இதில் எழுதவில்லை.

இதையும் பிரிக்கமாட்டாய் என்ற பயத்தில், அதை அடுப்பில் போடு என்று உறையின் மேலும் எழுதியிருக்கிறேன். முந்தின ஏழு கடிதங்களையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாய். விதை வைத்த கடிதம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

உன் அக்கா