அளக்காத எட்டு இடங்கள்

திண்டிவனம்,
அக்டோபர் 9, வியாழன்.

அன்புள்ள சித்தார்த்தனுக்கு,

நீங்கள் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். நான்கு நாளாக உங்கள் போனை நான் எடுக்கவில்லை. எடுத்தால் குறுக்கே பேசி என்னைச் சமாதானப்படுத்திவிடுவீர்கள். நம்மோடு அளவீட்டில் இருந்த கோபிக்கும் உங்களைப் போல மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது, சனிக்கிழமை விமானம் ஏறுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

திருவாமாத்தூரில் உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு போய்ப் பார்த்தேன். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று என் பிள்ளை மிஷின் வைத்துச் சொல்லிவிடுவான் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தண்ணீரை அந்த மிஷின் காட்டாது, பூமியின் இழுவிசையைத்தான் காட்டும் என்று நான் திருத்தப் போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கெடாரிலிருந்து கடல் பக்கம் வரைக்கும் நாம் எடுத்த ஈர்ப்பு அளவீட்டின் வரைபடம் தயாராகிவிட்டது. மேற்கே தலை நீட்டும் பாறை கிழக்கே போகப் போக எங்கே கீழே இறங்குகிறது, அதன் மேல் மணற்கல்லும் களிமண்ணும் எவ்வளவு கனத்துக்குப் படிந்திருக்கின்றன என்பது அதில் தெரிகிறது. குடிநீர்த் துறைக்காரர்கள் அதை வைத்துத்தான் போர் போடும் இடத்தைக் குறித்தார்கள். ஏரிக்கரை காலனியின் அடியில் பாறை மேலாகவே இருக்கிறது, அங்கே போர் வேண்டாம் என்று வந்தது. அதைக் காலனி ஜனங்களுக்கு விளக்கிச் சொல்ல ஊராட்சி அலுவலகத்துக்கு என்னை அனுப்பினார் நம் அளவீட்டுக் குழுவின் தலைவர் சீனுவாசன் சார்.

போனேன். வரைபடத்தை விரித்துப் பேசினேன். உங்கள் தெருவில் எட்டு இடத்தில் அளந்திருக்கிறோம் என்றேன். கெங்கம்மாள் என்று ஒரு அம்மா, நூறு நாள் வேலைக்குப் போகிறவர், எழுந்து நின்றார்.

"எந்த எடத்துலம்மா வெச்சிப் பாத்தீங்க? நாங்க இங்கியேதான இருக்கறோம். மிஷின எடுத்துக்கினு எங்க தெருவுக்குள்ள ஒருத்தரும் வர்லியேம்மா."

அவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொல்லவும் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் கூசுகிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிற அந்த அம்மாவுக்குத் தன் தெருவில் யார் வந்தார்கள், போனார்கள் என்பது தெரியாதாம். வரைபடத்தோடு வந்த எனக்குத் தெரியுமாம்.

ரூமுக்கு வந்து பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். காலனியில் அளந்ததாக 112 முதல் 119 வரை எட்டு நிலையங்கள். கையெழுத்து உங்களுடையது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நான்கே நிமிடம். ஈர்ப்பு மீட்டரை மட்டம் பார்த்து நிறுத்தவே அதற்கு மேல் ஆகும். காலையில் வேலை தொடங்குமுன் பேஸ் இடத்தில் எடுத்த ரீடிங்கும் மாலையில் அதே இடத்தில் எடுத்ததும் கடைசி எண் வரை ஒன்றாக இருக்கின்றன. நாள் முழுக்க வெயிலில் கிடந்த மீட்டரின் ஸ்பிரிங் அப்படிக் காட்டாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பிறகு தேதியைப் பார்த்தேன். ஆகஸ்ட் 11. அன்று நீங்கள் மஸ்கட் வேலைக்கான மெடிக்கல் டெஸ்ட்டுக்குச் சென்னையில் இருந்தீர்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உங்களை ஏற்றிவிட்டவளே நான்தான்.

லீவு தரமாட்டேன் என்று சார் அடம்பிடித்தது எனக்குத் தெரியும். அன்றைய வேலை எப்படி முடிந்தது என்று நானும் கேட்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. ஆனால் விடுவதென்று ஆனபோது எதை விட்டீர்கள்? மெயின் ரோட்டு நிலையங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக அளந்தீர்கள். வண்டி போகாத தெரு என்று காலனியை விட்டீர்கள். விட்டதோடு போகாமல் பாறை என்று காட்டும் எண்களை எழுதியும் வைத்தீர்கள். பத்தாவது படிக்கும்போதுதான் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது என்று என்னிடம் சொன்னவர் நீங்கள். வேறு யார் இதைச் செய்திருந்தாலும் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

சீனுவாசன் சாரிடம் பதிவேட்டைக் காட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எட்டு ஸ்டேஷன்தானம்மா. ரிப்போர்ட் போற நேரத்துல இத எதுக்கு பேஜாரு பண்ணிக்கினு இருக்க? உன் வூட்டுக்காரர் பேருதான அதுல இருக்குது" என்றார். கடைசி வார்த்தைக்கு நான் வாயை மூடிக்கொள்வேன் என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோபியும் நானும் மீட்டரை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். அவர் உயரம் அளந்தார், நான் ரீடிங் எடுத்தேன். கெங்கம்மாள் எட்டு இடத்துக்கும் கூடவே வந்து, மீட்டரின் மேல் வெயில் படாமல் குடை பிடித்தார். முன்பு என்ன நடந்தது என்று அவரிடம் உள்ளபடி சொன்னேன். யார் எழுதியது என்றும் சொன்னேன். குடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "நீங்களாவது வந்தீங்களேம்மா, இந்தப் பக்கம் மேடா இருக்குது, பாத்து வைங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். காலனியின் மேற்கு முனைக்கும் கிழக்கு முனைக்கும் இடையில் ஈர்ப்பு மூன்று மில்லிகால் அளவுக்கு இறங்குகிறது; பாறை ஆழத்துக்குப் போனால்தான் இவ்வளவு குறையும். அங்கே பாறை மேலே இல்லை, சித்தார்த்தன். அது கீழே இறங்கிப் போகிறது, அதன் மேல் லேசான படிவு நூற்றைம்பது மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அது மணலா, வெறும் களிமண்ணா, தண்ணீர் இருந்தாலும் உப்பா என்பதை மீட்டர் சொல்லாது. போர் போட்டால்தான் தெரியும். அந்த ஜனங்களுக்குப் போட்டுப் பார்க்கிற உரிமையையே நீங்கள் எழுதிய எட்டு எண்கள் இல்லாமல் செய்துவிட்டன.

திங்கட்கிழமை இரண்டு பதிவேட்டின் நகலையும் வைத்துத் துறைக்கு மனு கொடுத்துவிட்டேன். உங்கள் பெயரை மறைக்கவில்லை. நான் கேட்காமல் இருந்ததையும் எழுதியிருக்கிறேன். வேறு இடத்தில் தொடங்க இருந்த போர் வேலையை நிறுத்தி, காலனியில் சோதனைப் போர் போட உத்தரவாகியிருக்கிறது. எனக்கு நேற்றோடு வேலை போய்விட்டது. மாதக் கடைசியில் ரூமைக் காலி செய்துவிட்டு அம்மாவுடன் இருக்கப் போகிறேன். எதற்கு வந்தேன் என்று கேட்பார். நான் சொல்ல மாட்டேன். அதை நீங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும்.

விசாரணைக்கு உங்கள் வாக்குமூலம் வேண்டுமாம். இல்லையென்றால் என் ரீடிங்தான் பொய் என்று சீனுவாசன் சார் சாதிக்கப் பார்க்கிறார். முகவரியைத் தனித் தாளில் எழுதிக் கோபியிடம் கொடுத்திருக்கிறேன். அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று நான்கு வரி எழுதினால் போதும்.

அந்த ஊர் வெயில் இங்கத்து வெயில் மாதிரி இல்லை என்கிறார்கள். தலையில் துணி கட்டாமல் வெளியே போகாதீர்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்கு அங்கே ஒரு கெடுதலும் வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். பதிலை எனக்கு எழுத வேண்டாம், துறைக்கு எழுதுங்கள். எழுதி அனுப்பிவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள்.

எடுப்பேன்.

உங்கள்,
பிரபாவதி