தண்ணீரில்லாமல் நின்ற செடி

என் செல்ல நாத்தனார் பூங்கொடிக்கு,

உன் செடியின் மரபணு வரிசை போன வாரம் வந்தது. காவாந்தண்டலத்து வீட்டில், உன் அறையில் உட்கார்ந்துதான் கணினியில் திறந்தேன். நீ இருந்திருந்தால் என்னைத் தள்ளிவிட்டு முதலில் பார்த்திருப்பாய்.

நாம் ஆய்வகத்தில் வளர்க்கும் அராபிடாப்சிஸை உன் அம்மா முதன்முதலில் படத்தில் பார்த்தது ஞாபகமிருக்கிறதா? உலகமெங்கும் ஆராய்ச்சிக்கு வளர்க்கிற, கடுகு இனத்துக் களை என்று நீ பெருமையாகச் சொன்னாய்.

"இங்க களைய புடுங்க ஆள் கெடைக்காம பேஜாரா கீது. நீங்க ரெண்டு பேரும் ஏசி போட்டு வளத்துக்கினு கீறீங்களா?"

"இங்க வளத்தா நீ புடுங்கிடுவியேம்மா!" என்றாய்.

மரபணுக்களை மாற்றிவிடுகிற ரசாயனத்தில் விதைகளை ஊறவைத்து விதைத்தாய். முளைத்த கன்றுகளுக்குத் தண்ணீரை நிறுத்தினாய். எல்லாம் காய்ந்தன, ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. எந்த மரபணு மாறியதால் அது பிழைத்தது என்று தெரிவதற்குள் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன்.

பார்த்துவிட்டேன். அது உன் விதையே இல்லை, பூங்கொடி.

தாய்ச்செடியின் மரபணு வரிசையிலிருந்து சில நூறு எழுத்துகள் மாறியிருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஐந்து குரோமோசோம்களிலும் கணக்கில்லாத மாற்றங்கள். அத்தனையும் நாம் பக்கத்துத் தட்டில் வளர்த்த வேறொரு ரகத்தோடு பொருந்துகின்றன. வறட்சி தாங்குவது அந்த ரகத்தின் பிறவிக் குணம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். தூசி மாதிரி விதை. விதைக்கும்போது ஏசி, மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு உட்காருவோமே, அப்படியும் ஒன்று உன் தட்டில் விழுந்திருக்கிறது.

அந்தச் செடியின் விதையை உன்னிடம் வாங்கிய ஆய்வகங்களில் அதைப் புதிய செடியென்று நம்பி மாணவர்கள் உழைக்கிறார்கள். நான் பேசாமலிருந்தால் அவர்கள் உழைப்பு வீண். சொன்னால், உன் பெயரில் இருக்கிற ஒரே கண்டுபிடிப்பு போய்விடும்.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப எம்பொண்ணு தப்பு பண்ணிட்டாளா?"

"இல்ல அத்த. வெத கலந்துடுச்சி. அவளுக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்பா?"

"எனக்கு முன்னாடி அவளே எல்லாருக்கும் சொல்லியிருப்பா. அப்பறம் கோவத்துல சாப்புடாம படுத்துக்கினு இருப்பா."

உன் அம்மா சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆமா, அதத்தான் செய்வா. சொல்லிடும்மா. அவ பேர மட்டும் எடுத்துடாத."

பிழையைச் சொல்கிற தாளில் உன் பெயரை வைப்பது உனக்கு மரியாதையா, தண்டனையா? நீ என்ன சொல்லியிருப்பாய்?

நாளைக்கு அந்த ஆய்வகங்களுக்கு எழுதிவிடுவேன். செடியைக் கண்டுபிடித்தவள் என்று உன்னைச் சொல்ல முடியாது. சோதனையைத் தொடங்கியவள் என்று உன் பெயர்தான் முதலில் இருக்கும்.

ரசாயனத்தில் ஊறிய உன் விதைகளில் பாதி இன்னும் விதைக்காமல் குளிர்பெட்டியில் இருக்கின்றன. இந்த மாதமே விதைத்து, தண்ணீரை நிறுத்திப் பார்க்கப்போகிறேன். எல்லாமே காய்ந்தும் போகலாம். எதுவானாலும், உள்ளதை உள்ளபடி முதலில் உன்னிடம்தான் வந்து சொல்வேன்.

உன் அண்ணி,
தேவகி