ஏழு முள்மரங்களுக்கு வெள்ளைப் பட்டை

ஆவணி 3, ஞாயிறு. இரவு.

நாளைக் காலை ஏழு மணிக்கு ஏரிக்குள் ஜேசிபி இறங்குகிறது. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கச் சொல்லி எங்கள் ஏரிக் குழு மூன்று வருடம் மனு கொடுத்து வாங்கிய உத்தரவு. மனு எல்லாம் என் கையெழுத்து.

இன்று மாலை, விட்டுவைக்க வேண்டிய நாட்டு மரங்களுக்கு வெள்ளைப் பட்டை அடித்துக்கொண்டு போனேன். பெயின்ட் என் கடையுடையது. மதகுப் பக்கம் தலைக்கு மேல் ஒரே கத்தல். ஏழு சீமைக்கருவேல மரங்களில் கொக்குக் கூடுகள். குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை.

குழுத் தலைவர் பெருமாளிடம் சொன்னேன். அவர் கரும்பு அந்த ஏரித் தண்ணீரை நம்பித்தான் நிற்கிறது.

“இன்னா பாய், முள்ளு மரத்துக்குப் போய் பரிதாபப்படுறீங்க?”

“மரத்துக்கு இல்லீங்க, குஞ்சுக்கு. ஒரு மாசம் தள்ளி வெச்சா பறந்துடும்.”

“மனுவத் தூக்கிக்கினு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சதே நீங்கதான். கல்ராயன் மல மேல மேகம் கட்டிக்கினு இருக்குது பாருங்க. நாளைக்கு வுட்டா மெசின் திரும்பி வராது.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் எரிச்சல்.

அவர் போன பிறகு அந்த ஏழு மரத்துக்கும் வெள்ளை அடித்துவிட்டேன். ஜேசிபி டிரைவர் வெளியூர். வெள்ளை இருந்தால் தொடமாட்டார். ஆனால் பெருமாளும் ஏழு மணிக்கு வருவார். அவருக்கு மரம் தெரியும். அடித்த கை யாருடையது என்றும் தெரிந்துவிடும்.

பெயின்ட் இன்னும் முழுதாகக் காய்ந்திருக்காது. கடையில் டர்பன்டைன் இருக்கிறது. விடிவதற்குள் போய்த் துடைத்துவிடலாம்.

கடைச் சாவியை மனைவியிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.